உறை எண்ணெய்

மூன்றாம் ரோலரின் எண்ணெய் சூடாக இருந்தது. முந்தின நாளே நிறுத்திய மெஷின். ஜன்னல் வழியே நுழைந்த பனிமூட்டம் பித்தளைத் தட்டுகளின் மேல் வியர்வையாய்ப் படிந்திருந்த பின்னேரம். மற்ற ரோலர்களில் எடுத்த எண்ணெய்ப் போத்தல்கள் கையில் சில்லிட்டன. இந்தப் போத்தல் மட்டும் காய்ச்சல்காரனின் நெற்றியைப் போல் சுபாஜினியின் உள்ளங்கையில் கதகதத்தது.

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் மெஷின்களின் பராமரிப்பு அவள் பொறுப்பு. எண்ணெயில் கலந்திருக்கும் உலோகத்தூளை வைத்தே எந்தப் பல்சக்கரம் தேய்கிறது, எதை எப்போது நிறுத்த வேண்டும் என்று மெஷினைப் பிரிக்காமல் சொல்லிவிடுவாள். கொழும்புக்கு அனுப்பிச் சோதித்ததில் மற்ற ரோலர்களின் எண்ணெயில் இரும்பு இருந்தது. இதில் மட்டும் துளியும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து மெஷின் தேயாமல் எப்படி ஓடும்?

"இரும்பே இல்லையெண்டால் மெஷின் திறமாயிருக்கெண்டுதானே அர்த்தம்? பிறகேன் பிள்ளை நிப்பாட்டச் சொல்லுறீர்?" தொழிற்சாலை அதிகாரி சிற்றம்பலம் தொலைபேசியில் சிரித்தார். "வாடப் போட்ட கொழுந்து பதமா வாடிட்டுது. இன்னும் கொஞ்சத்திலை உருட்டத் தொடங்க வேணும். உம்மட தம்பிதான் இண்டைக்கு அதிலை நிக்கிறார்."

தம்பி தினேஸ். அப்பா நின்ற அதே இடத்தில்.

பல்சக்கரப் பெட்டியின் மூடியைத் திறந்து அப்பா கையை விட்டிருந்தபோது யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போயிற்று. மணிக்கட்டோடு போன கையில் மோதிரவிரல் ஒன்றுதான் கிடைத்தது. அதையும் வைத்துத்தான் புதைத்தார்கள். பள்ளிக்கூடம் போகும் வழியில் ஓடையைத் தாண்டும்போதெல்லாம் அவளுடைய பெருவிரலை மட்டும் பிடித்துக்கொள்ளும் கை அது.

வடிதாளை மேசையில் விரித்து ஒரு சொட்டு விட்டாள். எண்ணெய்ச் சொட்டு வட்டமாகப் பரவும். நடுவில் கறுப்பு, சுற்றிலும் வெளிறிய வளையம். இது வட்டமாகப் பரவவில்லை. ஒரு பக்கமாகக் கிளைவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. ஓர் இடைவெளி விட்டு இன்னொன்று. மோதிரவிரல் இல்லாத கை.

மெஷினுக்கு எண்ணெய் போடும் மாடசாமி எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"மாமா, பழைய எண்ணெய முழுசா எடுத்தது எப்ப?"

"முழுசா எடுக்கிறதில்ல தாயி. ஒரு கோப்பை உள்ளேயே விட்டுட்டுத்தான் புதுசு ஊத்துவோம். உறை எண்ணெ. எங்கப்பன் காலத்துப் பழக்கம். இல்லாட்டி அது சத்தம் போடும்."

"என்ன மாமா, தயிரா தோய்க்கிறீங்க?"

அவர் சிரிக்கவில்லை.

அப்படியானால் அப்பாவின் கையைக் கரைத்த எண்ணெய் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் புது எண்ணெயில் உறைந்து, பெருகி.

"நான் முழுசா வடிக்கப் போறேன்."

"வேணாம் புள்ள. கேளு."

"கேட்டுக் கேட்டுத்தான் அப்பாவக் குடுத்தோம்."

ரோலரின் பியூசைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டாள். பெட்டிக்கு அடியில் பெரிய தட்டை வைத்து, வடிதுவாரத்தை அடைத்திருந்த திருகாணியைக் கழற்றினாள். எண்ணெய் கெட்டியாய், கறுப்பாய், ஆவி பறக்க இறங்கியது. பச்சைக் கொழுந்தின் வாசனைக்கு நடுவே வேறொரு வாசனை: அப்பாவின் சட்டைக் கழுத்தில் இருந்த வியர்வையும் வெற்றிலையும். மாடசாமி பின்வாங்கும் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு கதவுச் சத்தம். அவள் போய் உள்ளே தாழிட்டு வந்தாள். பிறகு எண்ணெய் விழும் சத்தம் மட்டும்.

கடைசிக் கோப்பை இறங்க மறுத்தது. துவாரத்தின் விளிம்பில் தயங்கித் தொங்கியது. கம்பியால் குத்தினாள். விழுந்தது.

யாரும் திரும்ப எண்ணெய் ஊற்றி ஓட்டிவிடக் கூடாது. திருகாணியை ஜன்னல் வழியே தேயிலைச் செடிகளுக்குள் வீசியெறிந்தாள். "இப்ப ஓடு, பாப்போம்," என்று மெஷினைப் பார்த்துச் சொன்னாள்.

சொட்டுச் சத்தம் நின்றிருந்தது.

குனிந்தாள். தட்டிலிருந்து விரல் தடிமனில் ஒரு கறுப்பு இழை எழும்பி நின்றது. ஆடவில்லை. சிந்தவில்லை. மேலே போய்க்கொண்டிருந்தது. துவாரத்துக்குள், தன் வீட்டுக்குள்.

தட்டைக் காலால் எத்தினாள். தட்டு நகரவில்லை.

வெளியே படிகளில் செருப்புச் சத்தம். "அக்கா! கதவு ஏன் பூட்டியிருக்கு?"

"வராத தினேஸ்!"

"வெளாடாத. நேரமாச்சு, தொற!"

தட்டு பாதி காலியாகிவிட்டது. அடைக்கத் திருகாணி இல்லை. துணியும் இல்லை. வலதுகைப் பெருவிரலைத் துவாரத்துக்குள் திணித்தாள். எண்ணெய் இழை அவள் மணிக்கட்டில் மோதி, வழி தேடிச் சுற்றியது. வெதுவெதுப்பாக. அழுத்தினாள். விடமாட்டேன். அவனைத் தரமாட்டேன்.

பையில் பியூஸ் கனத்தது. தலைக்கு மேல் ரோலர் மெதுவாகச் சுழலத் தொடங்கியது. சத்தமே இல்லாமல்.

உள்ளே, பல்சக்கரங்களுக்கு நடுவிலிருந்து, அவள் பெருவிரலை ஏதோ தொட்டது. பிறகு பற்றியது. மெத்தென்று, ஓடையைத் தாண்டும்போது பற்றுவதைப் போல.

நான்கே விரல்கள்.

இழுத்தது.

"மாட்டேன்ப்பா," என்றாள் சுபாஜினி. பெருவிரலை எடுக்கவில்லை.