பதினான்கு கிளைகள்

சிவப்புப் புள்ளி அன்று ஐந்து கிளைகளின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது. பிலோமினா கத்தரியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். போன வாரம் மூன்று. அதற்கு முந்தைய வாரம் இரண்டு. பத்தொன்பது கிளைகளோடு பூக்கத் தொடங்கிய செடியில் இப்போது மிச்சம் பதினான்கு. இன்று சொன்னபடி வெட்டினால் ஒன்பது.

"எத்தினி வெட்டச் சொல்லுது?" கட்டிலிலிருந்து அவள் கணவன் சகாயம் கேட்டான்.

"கிளையெல்லாம் இல்ல. அடியில ரெண்டு இலை கிள்ளணுமாம். நீ படு."

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவன் அவன். முதுகெலும்பில் புற்று வந்து பதினோரு மாதமாகப் படுத்த படுக்கை. அவன் கண்ணுக்கு ஒளிப்பேழையின் தகடு அடித்த முதுகுப்பக்கம் மட்டுமே தெரியும். பிலோமினாதான் அப்படித் திருப்பி வைத்திருந்தாள்.

தீராத வலியோடு ஒருவர் கிடக்கும் வீடுகளுக்கெல்லாம் வலித்தணிப்பு வாரியம் ஆளுக்கொரு ஒளிப்பேழை கொடுத்திருந்தது. பீரோ அளவுக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒற்றைக் கஞ்சாச் செடி. நோயாளியின் இரத்தத்தைப் பரிசோதித்து அவருக்கென்றே உருவாக்கிய விதை. அதன் பூ அவருடைய வலியை மட்டும்தான் ஆற்றும். வேறொருவருக்கு அது வெறும் தழை. அதனால் திருட்டு இல்லை, கள்ளச்சந்தை இல்லை. வலிக்கான ஊசிகளும் மாத்திரைகளும் யாருக்கும் வேண்டாமல் போய், அவற்றைச் செய்த ஆலைகளை மூடி ஆறு வருடமாகிறது. பெட்டியின் உச்சியில் இருக்கும் இலைக்கண் செடியை இடைவிடாமல் பார்க்கும். எதை வெட்ட வேண்டுமோ அதன்மேல் சிவப்பு வெளிச்சத்தால் புள்ளி வைக்கும். வெட்டுவது வீட்டாரின் வேலை.

இவ்வளவும் வாரியத்தின் கையேட்டில் இருந்தது. கையேட்டில் இல்லாத ஒன்றைக் குடியிருப்பே சேர்ந்து கண்டுபிடித்திருந்தது. பி பிளாக் வரதனின் செடியைப் பெட்டி நான்கு கிளையாகக் குறைத்தது. நான்காம் மாதம் வரதன் போய்விட்டார். அதற்குப் பிறகு இன்னொரு வீட்டில் ஆறு கிளை, ஆறு மாதம். கிளைக்கு ஒரு மாதம் என்பது அத்தோடு முடிவாகிவிட்டது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு, முதலில் பெட்டியைத்தான் பார்ப்பார்கள். உதடு அசையாமல் எண்ணுவார்கள். அப்புறம்தான், "எப்படி இருக்கீங்க?"

எதிர்வீட்டு ரமீஜாவும் கஞ்சித் தூக்கோடு வந்து எண்ணினாள்.

"பதினாலு! அல்லா காப்பாத்துவாரு. வருசம் தாண்டும்டி."

"அக்கா, கேட்டியா இந்தக் கதைய?" என்றான் சகாயம். "எம் மச்சான் இந்தச் செடிய மொட்டமாடில வெச்சான்னு போலீஸு அடிச்சி இஸ்துகினு போச்சு. இப்போ கவர்மெண்டே கொண்டாந்து வெச்சிட்டு, அதுக்கு ஏசி வேற போட்டுக் குடுக்குது. எனக்குப் பாரு, ஃபேனு. அதுவும் கிரீச்சு கிரீச்சுன்னு."

ரமீஜா சிரித்தாள். பிலோமினா அவளைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"இன்னிக்கு அஞ்சு காட்டுதுக்கா."

ரமீஜாவின் சிரிப்பு நின்றது. "வெட்டிட்டியா?"

"இல்ல."

"வெட்டாத. பொட்டி சொல்லும், ஆனா உன் கையால நீயே ஏண்டி வெட்டுற? அந்தக் கண்ணுமேல ஒரு பிளாஸ்திரிய ஒட்டு. அதுக்குத் தெரிஞ்சாத்தானே சொல்லும்?"

பிலோமினா ஒட்டினாள். சிவப்புப் புள்ளிகள் அணைந்தன.

அந்த வாரமே மழை பிடித்தது. அவர்கள் குடியிருந்த மணலி முழுக்க முழங்கால் தண்ணீர். மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. போகும்போதெல்லாம் பேழைக்குள் ஓடும் சிறு விசிறியும் நின்றது. செடி மட்டும் தளதளவென்று புதராய் அடர்ந்தது. பூக்கள் கட்டைவிரல் பருமனுக்குத் திரண்டன. காலையில் எழுந்ததும் அவள் பதினான்கையும் எண்ணிவிட்டுத்தான் காப்பி போடுவாள். வாரியம் கொடுத்த உருப்பெருக்கியை வைத்துப் பூவின் மேலிருந்த பிசின் முத்துகளைப் பார்த்தாள். கண்ணாடி போல இருந்தவை மெல்லப் பால் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. எல்லாம் பாலானால் அறுவடை. போன அறுவடைப் பூ டப்பாவின் அடியில் இரண்டு சிட்டிகைதான் இருந்தது. அரை அரையாகக் கொடுத்தாள்.

"இன்னும் எத்தினி நாளு?" சகாயம் போர்வையைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"நாளைக்கு அறுத்துடலாம். தலைகீழா கட்டி நிழல்ல காய வெக்கணும். பத்து நாளு பல்லைக் கடிச்சிக்கோ."

மறுநாள் முதல் கிளையைத் தொட்டதும் பூவோடு ஒட்டியிருந்த ஓர் இலை, இழுக்காமலே கையோடு வந்தது. மஞ்சளாக இருந்தது. பூவைப் பிட்டுப் பார்த்தாள். உள்ளே சாம்பல் நிறம். ஈரச் சாக்கு நாற்றம். அடுத்த கிளை. அதற்கடுத்தது. வெளியே பச்சை, உள்ளே பூஞ்சை. பதினான்கும் அப்படித்தான்.

அவள் பிளாஸ்திரியைப் பிய்த்தாள். இலைக்கண் ஒரு கணம் செடியைப் பார்த்தது. பிறகு பூ, இலை, தண்டு, மண் வரைக்கும் சிவப்புப் புள்ளிகள் கொட்டின.

கண் இருண்டதை வாரியம் அன்றே அறிந்திருந்தது. ஆனால் வெள்ளத்தைத் தாண்டி அதிகாரி திருமலை வந்து சேரப் பல நாள் ஆகிவிட்டது. மழைக்கோட்டைக் கழற்றாமல் செடியைப் பார்த்தார்.

"ஏம்மா கண்ண மூடினீங்க?"

அவள் சொன்னாள். வரதன், ஆறு கிளை, கிளைக்கு ஒரு மாதம், எல்லாம்.

"அது காத்தையும் ஈரத்தையும்தாம்மா பாக்கும். மழ வருது, நெருக்கத்தைக் கொறைன்னு சொல்லிருக்கு. ஒம்பது கிளை விட்டிருந்தா இந்தப் பதினாலைவிட அதிகமாப் பூத்திருக்கும். உங்க வீட்டுக்காரருக்கு என்ன வியாதின்னுகூட அதுக்குத் தெரியாது."

"அப்போ வரதன்?"

"அவரு கீழ்வீடு. ஈரம் ஜாஸ்தி. அதான் நாலு."

"வேற விதை குடுங்க சார்."

"ரத்தம் எடுத்துட்டுப் போறேன். விதை செஞ்சு, முளைச்சு, பூத்து, காஞ்சு... அஞ்சு மாசம்."

"அதுவரைக்கும்?"

திருமலை ஈரத் தரையைப் பார்த்தார். "வெந்நீர் ஒத்தடம் குடுங்க" என்றார். செடியை வேரோடு பிடுங்கி, பையில் கட்டி, எரிப்பதற்கு எடுத்துப் போனார்.

மூன்றாம் நாள் வாரியத்தின் மருத்துவர் போனில் அழைத்தார். குரலில் உற்சாகம்.

"விதைக்காக எடுத்த ரத்தத்தையே முழுசா பாத்துட்டோம்மா. நல்ல செய்தி. புத்து வளர்றது நின்னுருக்கு. வலி இருக்கும், அது எலும்பு நொறுங்கினதால. ஆனா உயிருக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு வருஷம் தாராளமா இருப்பார்."

வாசலில் நின்று அவள் பேசியது பக்கத்து வீடுகளின் காதில் விழுந்து, செய்தி மாடிப்படியில் அவளுக்கு முன்னால் ஓடியது. ரமீஜா மூச்சு வாங்க வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"நான் சொன்னேன்ல! வெட்டாததுதாண்டி காப்பாத்துச்சு!"

"இல்லக்கா, கேளு. அது அப்பிடி இல்ல, அந்தப் பொட்டி..."

உள்ளேயிருந்து சகாயம் அலறினான். வார்த்தையில்லாத அலறல்.

"வலிச்சா வலிக்கட்டும்டி. உசுரு இருக்கில்ல?" என்று சொல்லிவிட்டு ரமீஜா மற்ற வீடுகளுக்குச் சொல்ல ஓடினாள். அன்று மாலைக்குள் அந்த பிளாக்கில் எட்டு இலைக்கண்கள் இருண்டன.

பிலோமினா வெந்நீர்த் துணியோடு கட்டிலருகே உட்கார்ந்தாள். சகாயத்தின் உதடு கடிபட்டு இரத்தம் கசிந்தது.

"டாக்டரு... இன்னா சொன்னாரு?"

இத்தனை நாளும் அவனிடம் பொய்தான் சொன்னாள். இன்று முதல்முறையாக உண்மையைச் சொன்னாள்.

"ரெண்டு வருசம் இருப்பியாம்."

அவன் ஒத்தடத் துணியைக் கையால் விலக்கினான்.

"அவ்ளோ நாளா?" என்றான்.