நடுவில் நிற்பது

புதிய கேபிள்களை மாட்டிவிட்டு யுகேந்திரன் நாற்காலியில் சாய்ந்தபோது பாடகியைக் காணவில்லை.

இடப்பக்கம் பியானோ இருந்தது. வலப்பக்கம் டிரம்ஸ்காரர் கம்பித் தூரிகையால் தோலை மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவில், எப்போதும் அவள் நிற்கும் இடத்தில், ஒரு பள்ளம். குரல் மட்டும் கலைந்த புகைபோல அறையெங்கும் அலைந்தது.

மாசாய் ஊரில் ஒரு வரிசை வீடு, அவனுக்கும் மனைவிக்கும். பக்கத்து ஊரான பாசிர் கூடாங்கில் ஓர் ஆலையில் அவனுக்கு இரவு வேலை. பகலில் தெருவில் மோட்டார் சைக்கிள்கள் ஓயாது. அதனால் பின்னறையின் சன்னலை அடைத்து, சுவரெங்கும் பஞ்சுப் பலகை பதித்து, கதவின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தான். அந்தச் சனிக்கிழமை மதியம் வெளியே மழை கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. உள்ளே அதன் ஒரு துளியும் கேட்கவில்லை. ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடி வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றன. சூடான தூசியின் வாசனை.

அந்தப் பாடகி உண்மையில் அங்கே நிற்பவள் அல்ல என்பது அவனுக்குத் தெரியும். இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரே குரல், ஒரே அளவில், ஒரே கணத்தில் இரு காதுகளுக்கும் வந்து சேர்ந்தால், மூளை அதை நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அங்கே இருப்பது வெறும் சுவர். இரண்டு காதும் சேர்ந்து கட்டும் உருவம் அது.

அவன் மனைவி தேன்மொழிக்கு அது கிடையாது. ஒன்பது வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து இடது காது முழுதாகச் செத்துவிட்டது. ஒற்றைக் காதுக்கு நடுவும் இல்லை, திசையும் இல்லை. யாராவது கூப்பிட்டால் நாலு பக்கமும் தேடித்தான் திரும்புவாள். ஒரே ஒரு பாட்டையாவது அவள் தன்னைப்போலக் கேட்டுவிட வேண்டும் என்பது அவனுக்குப் பல வருட ஆசை.

பாடகி ஏன் போனாள் என்று யோசித்தபடி அந்தப் பள்ளத்தையே உற்றுக் கேட்டான். அப்போதுதான் அது காதில் விழுந்தது.

மூச்சு.

நீளமாக இழுத்து, சற்று நிறுத்தி, ஈரமாக விடும் மூச்சு. நூறு முறை கேட்ட இசைத்தட்டு. இப்படி ஒரு மூச்சு அதில் இல்லை. ஊசியைத் தூக்கி, அதே பாட்டை முதலிலிருந்து வைத்தான். தட்டில் பதிந்தது எதுவானாலும் பாட்டின் அதே இடத்தில்தான் திரும்ப வரும். இது வேறு இடத்தில் வந்தது.

எழுந்து ஸ்பீக்கர்களின் பின்புறம் பார்த்தான். இடது ஸ்பீக்கரில் சிவப்பு வயரையும் கருப்பு வயரையும் மாற்றி மாட்டியிருந்தான். புதிதாய்க் கேபிள் மாட்டுகிறவன் கை தவறிச் செய்வதுதான். ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். இரண்டுக்கும் பொதுவான குரல் தன்னைத்தானே தின்றுவிடும். அப்படியென்றால், இத்தனை நாளும் அவள் குரலுக்குப் பின்னால் மறைந்திருந்த ஏதோ ஒன்றா இது?

அவனே தலையசைத்துச் சிரித்துக்கொண்டு, வயர்களைச் சரியாக மாட்டினான்.

பாடகி வந்துவிட்டாள். ஆனால் ஓரடி வலப்பக்கம் தள்ளி நின்றாள். பக்கத்தில் யாருக்கோ இடம் விட்டதுபோல.

மூச்சும் இருந்தது.

தட்டை மாற்றினான். நால்வர் வயலின் குழு, பழைய ஐரோப்பிய இசை. கண்ணை மூடினால் நான்கு வில்லையும் விரலால் சுட்டிக்காட்டலாம். அவர்களுக்கு நடுவே, கையில் எதுவும் இல்லாமல், ஐந்தாவதாக ஒருவர் மூச்சு விட்டார்.

கடைசியாக ஒரு சோதனை இருந்தது. நாற்காலியை விட்டு ஒரு பக்கமாக நகர்ந்தால் மூளை கட்டிய உருவங்கள் எல்லாம் கூடவே நகர்ந்துவிடும். உண்மையாக இருக்கும் பொருள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அவன் எழுந்து இடப்பக்கம் மூன்று எட்டு வைத்தான். நான்கு வயலின்களும் அவனோடு சரிந்து வந்தன.

மூச்சு மட்டும் நகரவில்லை. அது நாற்காலிக்கு முன்னால், முழங்கால் தொடும் தூரத்தில், அப்படியே நின்றது.

ஊசியைத் தூக்கினான். அந்த ஓசையும் அடங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல.

சமையலறைக்கு வந்தபோது மழையின் இரைச்சல் முகத்தில் அறைந்தது. தேன்மொழி மிளகாய்ச் சம்பல் வதக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு? உங்க பாட்டுக்காரி ஓடிட்டாளா?"

"ஒண்ணுமில்ல."

"ஃபிரிட்ஜ் ஒரு மாசமா கத்துது, அதுக்கு ஒரு வயரு மாத்த ஆளில்ல. அங்க மட்டும் பாம்பு தடிமன்ல போடுறீங்க லா."

"தேனு, கொஞ்ச நேரம் அந்த ரூம் பக்கம் போகாத."

"நான் எதுக்குப் போறேன்? எனக்குத்தான் ஒரு காதுல பாதிப் பாட்டு, மீதி..." கரண்டி நின்றது. அவள் சட்டென்று இடப்பக்கம் திரும்பினாள், பின்னறை இருந்த பக்கம். தேடவில்லை. நேராக. "கூப்பிட்டீங்களா?"

அவன் அவளுக்கு வலப்பக்கம் நின்றிருந்தான்.

"இல்ல."

"யாரோ கூப்பிட்டாங்களே."

வாசல் கதவுக்கு மேலேதான் மின்சாரப் பெட்டி. ஓடினான். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பின்னறைக்குரிய சுவிட்சைத் தேடினான். எதுவென்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கீழே தட்டினான். ஃபிரிட்ஜின் கத்தல் அடங்கியது. மின்விசிறி சுழன்று சுழன்று ஓய்ந்தது.

திரும்பி வந்தான். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சம்பல் கருகும் நெடி.

அவள் இல்லை.

பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. ரப்பர் பட்டை காற்றை உறிஞ்சி இறுக்கிப் பிடித்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்தான். திறந்தது. கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே நீட்டினான்.

வால்வுகள் அணைந்திருந்தன. தட்டு சுழலவில்லை. தேன்மொழி அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"தேனு. வெளிய வா."

"ஷ்ஷ்." அவள் அவனைப் பார்க்கவில்லை. "எவ்வளவு தெளிவா கேக்குது. இந்தப் பக்கம்." விரல் இடது காதைத் தொட்டது.

"அங்க யாரும் இல்ல தேனு. எந்திரி. வா."

"நீங்க பேசாதீங்க. அந்தக் குரல மறைக்குது."

வலது உள்ளங்கையைத் தூக்கினாள். நல்ல காதை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

அவன் கத்தினான். பஞ்சுச் சுவர்கள் விழுங்கின. அவளுக்குக் கேட்கவில்லை. செத்த காதை முன்னால் சாய்த்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொள்கிறவள்போலத் தலையாட்டினாள். மெல்லச் சிரித்தாள். "ம்," என்றாள். "ம். வரேன்."

காற்றில்லை. மின்விசிறி இல்லை.

அவள் இடது காதோரம் ஒரு முடிக்கற்றை தொங்கியது. அது மெல்ல உள்ளே இழுபட்டது. சற்று நின்றது. பிறகு வெளியே பறந்தது.

உள்ளே. வெளியே.