குடித்தனக்காரனின் ரீங்காரம்

மத்தியானத் தூக்கத்தில் இருந்த தையற்காரரின் மணிக்கட்டில் நாடி துடித்தது. பிடித்துப் பார்த்த அவர் மனைவி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

மற்ற வீடுகளில் நாடி நின்றால் பதறுவார்கள். இந்த வீட்டில் எல்லாம் தலைகீழ். அவருடைய இதயம் கையை விரித்துவிட்டதால், நெஞ்சுக்குள் ஒரு பம்பை வைத்துத் தைத்திருந்தார்கள். அது துடிக்காது, குழாய்த் தண்ணீர் மாதிரி ரத்தத்தை நிற்காமல் ஓட்டும். அதனால் நாடி கிடையாது, வெறும் ரீங்காரம்தான். வயிற்றிலிருந்து வெளியே வரும் ஒயர் பையிலுள்ள பேட்டரிக்குப் போகும். சிவப்பு விளக்கு மினுங்கினால் பேட்டரி தீர்கிறது என்று அர்த்தம்.

பம்புக்கு அவர் வைத்த பெயர் குடித்தனக்காரன். "நான் போனாலும் அவன் காலி பண்ண மாட்டான்டி" என்பார்.

"பேசாம என் துடிப்பை எடுத்துக்குங்க. இங்க சும்மாதானே ஆடிக்கிட்டிருக்கு" என்று நேற்றுகூட அவள் சொன்னாள். விளையாட்டாகத்தான். பாதி விளையாட்டு.

வெளியே மழை இருட்டு. கரண்ட் போய், ஃபேனும் ஃப்ரிட்ஜும் அடங்கியதில், காயாத துணியின் வாடையும் அந்த ரீங்காரமும்தான் அறையில் மிச்சம். ஆக, பம்ப் ஓடுகிறது. அப்புறம் ஏது இந்தத் துடிப்பு?

பம்ப் வைத்த நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"கட்டைவிரலால பிடிச்சீங்களாக்கா?"

"ஆமா."

"அதான். கட்டைவிரல்லயே நாடி ஓடும். உங்க துடிப்பையே நீங்க பாத்துட்டு பயப்படுறீங்க." நர்ஸ் சிரித்தாள். "எல்லா வீட்லயும் நடக்கறதுதான். மத்த விரலை வச்சுப் பாருங்க."

அவளுக்கும் அசட்டுச் சிரிப்பு வந்தது. விரலை மாற்றி வைத்தாள்.

துடித்தது. அவருடைய பழைய தையல் மெஷின் போல, திடமாக.

இதயம் தேறிவிட்டதோ? கண் கரித்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதே விரல்களைத் தன் மணிக்கட்டில் வைத்தாள்.

ஒன்றுமில்லை.

இடம் தவறியிருக்கும். சற்று மேலே. கழுத்தில். காதோரம்.

இல்லை.

ரீங்காரம் மட்டும் கிட்டத்தில். மிகக் கிட்டத்தில். பல்வரை அதிர்ந்தது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

தையற்காரர் புரண்டு படுத்தார். சட்டை விலகியது. ஒயர் இல்லை. தழும்புகூட இல்லை.

"என்னடி சத்தம்," தூக்கத்திலேயே முனகினார், "உன்கிட்டேருந்து?"

பையைப் பார்த்தாள். அதிலிருந்து கிளம்பிய ஒயர், போர்வை மடிப்புகளில் நெளிந்து வந்து, அவள் இடுப்புத் துணிக்குள் நுழைந்திருந்தது.

மாற்றுப் பேட்டரிகள் சார்ஜரில், கரண்டுக்காகக் காத்துக் கிடந்தன.

அவரை எழுப்ப நீட்டிய கை பாதியில் நின்றது. எத்தனை காலம் கழித்து மனுஷன் இப்படித் தூங்குகிறார்.

சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியது.