தொண்ணூற்றொன்றாம் அறை

காவலாளி ஒன்று விட்டு ஒரு கதவை மட்டும் ஏன் பூட்டிக்கொண்டு வருகிறான் என்று டியூஷன் டீச்சருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுச் சாமான்களை வாடகை கொடுத்துப் போட்டுவைக்கும் கிடங்கு அது. ஜன்னலே இல்லாத நடைவழி, ஒரே வரிசையில் நூறு அறைகள், வாசலோ முதல் அறைப் பக்கம் மட்டும். அவள் 91-ல் பழைய பீரோவைக் குடைந்துகொண்டிருந்தாள். தங்கை அடுத்த அறையில், 90-ல். துருவும் ஈர அட்டையும் நாறிய அந்த நடைவழியில் காலடியும் தாழ்ப்பாளும் மாறி மாறிக் கேட்டு நெருங்கி, 90-ல் 'டக்'கென்று விழுந்து, 91-ஐத் தாண்டி, 92-க்குப் போயின.

"அக்கா, யாரோ வெளியில பூட்டிட்டாங்க!" தகரச் சுவருக்கு அப்பால் தங்கை கத்தினாள். "உள்ள ஆள் இருக்கிறது கண்ணு தெரியலையா அந்த ஆளுக்கு?"

"இருடி, கத்தி ஊரைக் கூட்டாதே. திறக்கிறேன்."

வெளியே ஈ காக்கை இல்லை. 100-க்கு அப்பால் வெறும் சுவர். இரண்டு கையால் இழுத்தும் தாழ்ப்பாள் அசையவில்லை. அதற்குள் வாசல் பக்கமிருந்து மறுபடி காலடி. போனவன் திரும்பி வரவே இல்லையே! தன் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இம்முறை மூன்றுக்கு ஒன்று. 87. 90. 93. பூட்டிய கதவையே அது மறுபடி பூட்டியது.

"அக்கா... மூச்சு முட்டுது..." தங்கையின் குரல் பாதியாகிவிட்டது.

அடுத்து நான்கு வரவில்லை, ஐந்து வந்தது. 85. 90. 95. பிறகு சுவருக்கு அப்பால் சத்தமே இல்லை.

"அடியே, பேசுடி! ஒரு வார்த்தை பேசுடி!" சுவரைத் தட்டித் தட்டிக் கை வீங்கியது.

அவள் வகுப்பில் நடத்தும் கணக்குத்தான் இது. இரண்டின் மடங்கை அடி, மூன்றின் மடங்கை அடி, மிஞ்சுவது பகா எண். அடுத்தது ஏழு. 89 காலியாகத் திறந்தே கிடந்தது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாத எண். இரண்டே கதவு தள்ளி. ஓடிவிடலாம்.

எதற்கு ஓட வேண்டும்? தொண்ணூற்றொன்றும் பகா எண்தானே? ஏழாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு அவள் சொல்லிக்கொடுப்பது பன்னிரண்டு வரைதான். ஏழு பன்னிரண்டு எண்பத்துநான்கு. அதோடு சரி. பெரிதாக மூச்சு விட்டாள்.

காலடி. 70. 77. 84.

நடந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. அவளும் எண்ணினாள். நான்கு. ஐந்து. ஆறு.

ஏழு பதின்மூன்று...

ஐயோ.

காலடி நின்றது. கதவின் கீழ் இடுக்கில் நடைவழி விளக்கின் வெளிச்சம் முழுசாக இருந்தது. அதில் கால் நிழல் எதுவும் விழவில்லை. தாழ்ப்பாள் மட்டும், அவசரமே இல்லாமல், நகர்ந்தது.