பிணம் பேசக்கூடாது

மழை பிடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று அவசரப்படுத்தி, வாத்தியார் பிரசோங் தன் கூத்துக் குழுவை மதியமே ஆற்றங்கரைப் புத்த விகாரையின் பழைய அரங்கில் இறக்கிவிட்டார். பிகுனுக்கு அன்றுதான் முதல் பெரிய வேடம். அவர்கள் நாட்டு ராமகதையில் வரும், பத்துத் தலையனின் தம்பி மகள் வேடம். பெரியப்பனுக்குப் பயந்து, சீதையின் பிணமாக உருமாறி ராமனின் பாசறையருகே மிதந்து வருவாள். குரங்குகள் சந்தேகப்பட்டுச் சிதையில் ஏற்றும்போது, சூடு பொறுக்காமல் புகையோடு புகையாய்ப் பறந்து தப்புவாள்.

பிகுன் முகத்துக்கு மாவு பூசிவிட்டபடியே பாடகி பூன்மா ஒரு பழைய கதையைச் சொன்னாள். நிஜ நெருப்பு மூட்டிய காலத்தில், இதே மேடையில், இதே வேடத்தில் தாரிகா என்றொரு பெண் படுத்தாளாம். அவளது பட்டுடை சிதைப் பலகையின் ஆணியில் சிக்கி, எழ முடியாமல் எரிந்துபோனாளாம். அவள் அலறியது சபைக்குக் கேட்காமலிருக்க, மேளத்தை ஓங்கி அடிக்கச் சொன்னவர் பிரசோங்தான். அதன்பின் அவள் பேரை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை.

ஒத்திகை தொடங்கியது. பிகுன் கண்மூடிக் கிடந்தாள். பலகையைத் தூக்கிய நால்வருக்கும் மூச்சு வாங்கியது. இரண்டு ஆள் கனம் இருக்கிறதே என்று ஒருவன் முனகினான்.

இப்போது நெருப்புக்குப் பதிலாக வைத்திருந்த இயந்திரத்திலிருந்து குளிர்ந்த புகை பரவியது.

அந்தப் புகைக்குள் பட்டு தீய்கிற நாற்றம்.

எழ வேண்டிய தாளம் வந்தது. பிகுனால் எழ முடியவில்லை. ஒரு கை அவள் இடுப்பை வளைத்திருந்தது.

அந்தக் கை சுட்டது.

"அசையாத," என்றது காதோரம் ஒரு குரல். "பொணம் அசையக் கூடாதாம். பேசக் கூடாதாம்."

மேளம் ஓங்கியது. பயத்தில் உறைந்து கிடந்தவளுக்கு, அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அடிவயிற்றிலிருந்து கோபம் மூண்டது.

"அந்த ஆளு சொன்னா நீ இன்னமும் கெடக்கணுமா? எந்திரி அக்கா. நானும் எந்திரிக்கிறேன்."

உள்ளங்கை கன்றியும் விடாமல், அந்தக் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

மேளம் நின்றது. பிணம் பேசலாமா என்று பிரசோங் சீறினார்.

"பொணமா நடிக்க வந்தேன் வாத்தியாரே, பொணமாகறதுக்கு வரல. சாயங்காலம் சபை முன்னால தாரிகா பேரச் சொல்லுங்க. எப்படிச் செத்தாள்னும் சொல்லுங்க. இல்லேன்னா இந்தப் பலகையில நீங்களே படுத்துக்கோங்க."

அவர் அவளை அடிக்கக் கை ஓங்கினார். அவள் இடுப்புப் பட்டில் கருகிப் பதிந்திருந்த ஐந்து விரல்களைப் பார்த்ததும், ஓங்கிய கை தானாகத் தாழ்ந்தது.

மாலையில் பிரசோங் சபை முன் நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஆட்டம் நடந்தது. இம்முறை எந்தக் கையும் பிகுனைத் தடுக்கவில்லை. அவள் புகைக்குள் துள்ளி எழ, ஆடுபவளுக்காகப் பாடும் பெண்குரல் கணீரென்று உயர்ந்தது. பூன்மா இப்படிப் பாடி அவள் கேட்டதே இல்லை. நன்றியோடு திரும்பிப் பார்த்தாள்.

பூன்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாட்டு நிற்கவில்லை.