தேவதூதனின் கை

மூன்று நாளில் மூன்றாவது முறையாக தேவதூதனின் கை கழன்று மேசையில் கிடந்தது.

ரின்ஸ்கேவுக்கு எரிச்சலில் கண் கலங்கியது. இருபது வருடமாகப் பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்ப்பவள் அவள். இதுவோ ஒரு சாண் உயரமுள்ள, பாதங்களுக்குச் சூடு தரும் மரப்பெட்டி. நெதர்லாந்தின் ஹார்லிங்கன் ஊர்ப் பெண்கள் ஒருகாலத்தில் இதற்குள் தணல் சட்டி வைத்து தேவாலயத்துக்கு எடுத்துப் போனார்கள். மூடியிலுள்ள ஐந்து துளைகள் வழியே சூடு பாவாடைக்குள் ஏறும். முன்பக்கச் செதுக்கலில், கட்டுண்டு கிடக்கும் மகன் ஈசாக்கின் கழுத்துக்கு மேலே ஆபிரகாம் கத்தியை ஓங்கியிருந்தான். அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தடுக்கும் தேவதூதனின் கைதான் ஒட்ட மாட்டேன் என்றது.

கணவன் டௌவே பட்டாணி சூப்போடு எட்டிப் பார்த்தான்.

"பசைக்குப் பதிலா இதைத் தடவிப் பாரேன். கரண்டியே நட்டுக்கிட்டு நிக்குது."

"வாயை மூடிட்டுப் போ. ஆமா, கழுத்துல என்ன?"

"ஷேவ் பண்றப்ப கீறிருக்கும். மூணு நாளா தினம் ஒண்ணு."

அவன் சிரித்தபடி சமையலறைக்குப் போனான்.

ரின்ஸ்கே பூதக்கண்ணாடியை எடுத்தாள். ஈசாக்கின் மரக்கழுத்திலும் மூன்று கீறல்கள். புதியவை. நேற்று விரலகலம் தள்ளியிருந்த கத்தி, இன்று நகத்தின் கனத்தில் நின்றது.

அவள் பூசியிருந்த எலும்புப் பசை சூடு பட்டால் இளகும். பழுதுபார்ப்பவர்கள் அதைப் பூசுவதே அதற்காகத்தான். நாளை இன்னொருவர் பிரித்துத் திருத்தலாம். ஆனால் இளக சூடு வேண்டுமே? அவள் மூடிமேல் உள்ளங்கையை வைத்தாள். ஐந்து துளைகளிலும் வெதுவெதுப்பு, அந்தக் காலத்தில் தணலுக்கு எரித்த கரிமண்ணின் புகை வாசனை. உள்ளே சட்டியே இல்லை.

படகு ஓட்டை அடைக்கும் பசையை எடுத்தாள். சூட்டுக்கு இளகாது, எதற்கும் பிரியாது. பழைய மரத்தில் அதைப் பூசுவது அவள் தொழிலில் பாவம். பூசினாள். தேவதூதனின் கையை ஆபிரகாமின் மணிக்கட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். பசை கல்லாக இறுகியது.

பெட்டி கொதித்தது. கை கழலவில்லை. அப்பாடா என்றிருந்தது.

கத்தி அசைந்தது.

அதோடு ஒட்டிய மரக்கையும் கூடவே போனது. தடுக்க முடியவில்லை, விடவும் முடியவில்லை. தேவதூதனின் முழங்கை மெல்ல நிமிர்ந்தது. ரின்ஸ்கே ஒட்டிய இடத்தில் உளியை நுழைத்தாள். வழுக்கியது. மறுபடி. வழுக்கியது.

"ரின்ஸ்..." சமையலறையிலிருந்து அவள் பெயரில் பாதி மட்டும், ஈரமாக வந்தது.

இரண்டு மரக்கைகளும் ஒரே கத்தியை அவசரமில்லாமல் அழுத்திக்கொண்டிருந்தன.