அண்ணாச்சி அடுக்கிய நூலகம்

ஜெபிஷா வீட்டுக் கோழி ஐந்து வாத்து முட்டைகளை அடைகாத்துக் குஞ்சு பொரித்தது. இரண்டாம் நாளே குஞ்சுகள் ஐந்தும் தண்ணீர்த் தொட்டியில் குதித்துவிட்டன. பிள்ளைகள் மூழ்கிவிட்டதாக நினைத்துக் கோழி போட்ட கூச்சலில், துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று மிரண்டுபோய்ப் பதிலுக்குச் சங்கு ஊதியது!

அம்மா தேவகனி காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஏளா, வாத்து வளக்க நமக்கு என்ன தெரியும்? சாயந்திரம் உடன்குடியில இருந்து உங்க மாமா வாரான். அவன்கிட்ட குடுத்து விட்டுருதேன்."

"வேண்டாம்மா! நூலகத்துல வாத்துப் புத்தகம் இருக்கு. கோழிப் புத்தகத்துக்குப் பக்கத்துலயே பாத்திருக்கேன்."

"மாமா வாரதுக்குள்ள கொண்டா, பாப்போம்."

ஜெபிஷா பறந்தாள்.

நூலகத்துக்கு அப்போதுதான் வெள்ளையடித்திருந்தார்கள். நூலகர் உமாராணி அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வெளியே எடுத்து வைத்த புத்தகங்களைத் திரும்ப அடுக்கும் வேலையைப் பாண்டியராஜ் அண்ணாச்சி தானே கேட்டு வாங்கியிருந்தார். அவர் மீன் ஏலம் விடுபவர். அவர் இங்கே விலை கூறினால் இலங்கைக் கரையில் நிற்பவர்கள் கையைத் தூக்குவார்கள்!

"வா, வா! எப்படி இருக்கு?" என்றார் அண்ணாச்சி. "இறால் பிரிக்க மாதிரி தரம் பிரிச்சிருக்கேன். பெருசு கீழ, நடுத்தரம் நடுவுல, பொடிசு மேல!"

வரிசைகள் கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருந்தன. ஆனால் ராக்கெட் புத்தகத்துக்கும் ரசம் வைக்கும் புத்தகத்துக்கும் நடுவில் கோழிப் புத்தகம் நசுங்கிக் கிடந்தது. வாத்தைக் காணவே இல்லை.

ஜெபிஷாவுக்கு அழுகை வந்தது. அண்ணாச்சியின் முகமோ பெருமையில் மின்னியது. தப்பு என்று எப்படிச் சொல்வது?

"அண்ணாச்சி, சாளை மீனும் காரல் மீனும் ஒரே அளவுல இருந்தா ஒரே கூடையில போடுவீயளா?"

"போட்டா என்னைய வலையில கட்டிக் கடல்ல எறிஞ்சிருவானுவ! மொதல்ல இனம் பிரிக்கணும். அளவெல்லாம் பெறவுதான்."

"புத்தகத்துக்கு இனம் எது அண்ணாச்சி?"

அண்ணாச்சி கோழிப் புத்தகத்தை உருவித் திருப்பினார். முதுகில் சின்னச் சீட்டு. அதில் 636.5 என்று இருந்தது.

"இந்த நம்பரா?"

"ஆமா. 636னா நாம வளக்க விலங்கு, பறவை எல்லாம். புள்ளிக்குப் பெறவு 5னா கோழி, வாத்து மாதிரிப் பறவைங்க. பக்கத்து நம்பர்னா பக்கத்துச் சொந்தம்."

அண்ணாச்சி வாயைப் பிளந்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கூரை மேல் இருந்த அத்தனை புறாக்களும் மணப்பாடு வரைக்கும் பறந்தன!

"உமாராணி வந்து பாத்திருந்தா என்னையல்லா ஏலம் விட்டிருப்பா! புத்தகத்தைப் போட ஒரு கூடையைக் கொண்டா. மொதல்ல 636-ஐப் பிடிப்போம்!"

ஏணியில் ஏறி ஏலக்குரலில் கூவ ஆரம்பித்தார்.

"புள்ளி ஏழு, நாய்! புள்ளி எட்டு, பூனை! புள்ளி அஞ்சு ஒம்பது ஏழு…"

"வாத்து!" என்று ஜெபிஷா குதித்தாள்.

அண்ணாச்சி அதைப் பூனைக்கு அடுத்து வைத்தார். "ஐநூத்தித் தொண்ணூத்தி ஏழு, எட்டை விடப் பெருசுல்லா?"

"புள்ளிக்குப் பெறவு ஒவ்வொரு எண்ணாப் பாக்கணும் அண்ணாச்சி. மொதல்ல வாரது அஞ்சு. எட்டுக்கு முன்னாலதான் அஞ்சு. அதோட, வாத்தைப் பூனை பக்கத்துல வச்சா என்ன ஆகும்?"

"ஏ ஆத்தா, வேண்டாம்!" அண்ணாச்சி பதறிப்போய்ப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார். "நீ ஓடு. உமாராணிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். மிச்சத்தை எங்க ஆளுகளைக் கூப்பிட்டு இனம் பிரிச்சிருதேன்."

வீட்டில் மாமா கூடையோடு தயாராக நின்றார். அம்மா புத்தகத்தைப் பிரித்துச் சத்தமாக வாசித்தாள்.

"கோழி வளர்க்கும் வாத்துக் குஞ்சுகளின் இறகில் போதிய எண்ணெய்ப் பசை இருக்காது. ஆழமில்லாத தண்ணீர் வைக்கவும். நனைந்தால் துடைத்துவிடவும்." நிமிர்ந்தாள். "அவ்வளவுதானா? இது நம்மளால ஆகாதா?"

"அப்போ கூடை?" என்றார் மாமா.

"கூடையைக் கீழ வைலே. இந்தா துண்டு, அந்தக் கடைசிக் குஞ்சைத் துடை."

மாமா துடைத்தார். சரியாகத் துடைக்கிறாரா என்று கோழி அவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது.